சிவப்பு நட்டு

அய்யம்பேட்டை
2.7.1997

அன்சாருக்கு அம்மா எழுதுவது. அல்லாஹ் உனக்குப் பொறுமையைத் தரட்டும்.

போனில் சின்னத்தா சொன்னதை நீ நம்பவில்லையாம். நம்பித்தான் ஆகவேண்டும். அத்தாவை மறுநாளே அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கிவிட்டார்கள். மகன் சவுதியிலிருந்து வரும்வரை வைக்கலாமா என்று கேட்டார்கள். வைக்கும்படி உடம்பு இல்லை. நான்தான் வேண்டாம் என்றேன். அந்தக் கோபம் இருந்தால் என்னிடம் வைத்துக்கொள்.

நான் இத்தாவில் இருக்கிறேன். நாலு மாதம் பத்து நாள் வாசலைத் தாண்டக்கூடாது. வெளி ஆண்கள் முகம் பார்க்கக்கூடாது. டெலிபோன் பூத்துக்கு வர முடியாது. நாலாவது படித்த கையெழுத்து இது, கூட்டிக் கூட்டிப் படித்துக்கொள்.

நடந்ததைச் சொல்கிறேன். அத்தா திருச்சி ஏலத்தில் எடுத்துவந்த பட்டாளத்து லாரியை நீ போன லீவில் பார்த்தாய். அப்போது வெறும் துரு. இந்த வருஷம் அதற்கு உயிர் வந்துவிட்டது. எஞ்சின் ஓடியது. பச்சை பெயிண்ட் அடித்தாகிவிட்டது. “பத்தொம்பது வருஷம் சவுதியில அடுத்தவன் வண்டிய ஓட்டினேன், ஹபீபு. இத வச்சு நான் ஒரு மூட்டகூட ஏத்தப்போறதில்ல. சும்மா ஓட்டப்போறேன்” என்பார். டயர் கடை முருகையன் மாமாவும் கடையை மூடிவிட்டு தினம் மத்தியானம் வந்துவிடுவார். இரண்டு பேரும் கொல்லையில் வண்டிக்கு அடியில் கிடப்பார்கள். சோறு ஆறிப்போகும்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் வாசலுக்கு ஓட்டிக் காட்டுவதாக இருந்தது. வியாழக்கிழமை முருகையன் மாமா நாலு டயருக்கும் காற்று அடித்தார். முன் சக்கரம் ஒன்று சுற்றும்போது உரசியது. “டீ குடிச்சிட்டு வந்து நான் கழட்டுறேன் பாய்” என்று சொல்லிவிட்டுத் தெருமுனைக்குப் போனார். அத்தாவுக்குப் பொறுக்கவில்லை. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு தானே உட்கார்ந்துவிட்டார்.

நான் அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டது. அரிசி மில்லில் பாய்லர் வெடித்துவிட்டது என்று நினைத்தேன். சக்கரத்து இரும்பு இரண்டாகப் பிளந்து ஒரு பாதி அத்தாவின் நெஞ்சில் அடித்திருந்தது. முருகையன் மாமாதான் டீ கிளாஸோடு ஓடிவந்து தூக்கினார். அண்ணன் போன ஆத்திரத்தில் ஆஸ்பத்திரியில் வைத்து சின்னத்தாவும் இன்னும் நாலு பேரும் அவரை அடித்தார்களாம். சட்டையெல்லாம் அத்தாவின் ரத்தம். அதோடேயே ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

வண்டி இன்னும் ஜாக்கியில் நிற்கிறது. ஒரு சக்கரம் இல்லை. உன் தங்கச்சி அனீஸா கொல்லைக் கதவைத் திறப்பதில்லை.

இதற்கு மேல் எழுத வரவில்லை.

அம்மா

*

தம்மாம்
17.7.1997

அம்மாவுக்கு அன்சார், ஸலாம்.

கடிதம் நேற்று வந்தது. கம்பெனியில் பாஸ்போர்ட்டைக் கேட்டு மூன்று முறை போனேன். அடக்கம் முடிந்துவிட்டதே, போய் என்ன செய்யப்போகிறாய் என்கிறான் மேனேஜர். அத்தா இறந்த நேரத்தில் நான் ஒன்பதாவது மாடியில் அலுமினிய ஜன்னல் மாட்டிக்கொண்டிருந்தேன். சாயங்காலம்தான் சொன்னார்கள்.

முருகையனை மாமா என்று எழுதாதீர்கள். அளவுக்கு மீறிக் காற்று அடித்தவன் அவன், நட்டை இறுக்காமல் விட்டவன் அவன். வாயைத் திறந்தால் பொய் வேறு. சக்கரத்தில் சில நட்டுகள் சிவப்பாக இருக்குமாம். காற்று இருக்கும்போது அதைத் தொடக்கூடாது என்று அத்தாவிடம் மூன்று தடவை சொன்னானாம். போலீஸும் சின்னத்தாவும் நாலு சக்கரத்தையும் சுற்றிப் பார்த்திருக்கிறார்கள். எல்லா நட்டும் பச்சை. ஒரு சிவப்பு இல்லை. போன லீவில் நானும் பார்த்தேனே, துருவும் மண்ணும் தவிர என்ன இருந்தது? செத்தவர் வந்து மறுக்கமாட்டார் என்கிற தைரியம்.

பதினேழு நாளில் ஜாமீனில் விட்டுவிட்டார்களாம். கேஸை விடக்கூடாது என்று சின்னத்தாவுக்கு எழுதியிருக்கிறேன்.

கடைசியாக அத்தாவிடம் போனில் பேசியபோது, “அந்த இரும்பக் கட்டிக்கிட்டு அழாதீங்க” என்றேன். “நீ வந்து ஓட்டிப் பாரு, அப்பறம் பேசு” என்று வைத்துவிட்டார். நான் அவரிடம் பேசியது அவ்வளவுதான்.

அன்சார்

*

அய்யம்பேட்டை
9.8.1997

அன்சாருக்கு அம்மா.

உன் கடிதத்தை நாலு முறை படித்தேன். உடம்பைப் பார்த்துக்கொள். ஒன்பதாவது மாடி என்று எழுதியிருக்கிறாய், கயிறு கட்டிக்கொண்டுதானே நிற்கிறாய்?

போன செவ்வாய்க்கிழமை முருகையன் பெண்டாட்டி வேம்பு கொல்லைப்பக்கம் வந்தது. சின்னத்தா வீட்டிலிருந்து சின்னம்மா வந்திருந்தாள். அவள்தான் கதவில் நின்றாள்.

“இத்தாவுல இருக்கற பொம்பளகிட்ட என்னா விசாரணை? போ அந்தாண்ட.”

“விசாரணை இல்லங்க. பொம்பள பொம்பளய பாக்கலாம்தானே? ஒரு வார்த்த கேட்டுட்டுப் போயிடறேன்.”

“உம் புருசன் செஞ்சது பத்தாதா?”

வேம்பு அவளை விட்டுவிட்டு, கதவைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டது. “அக்கா, உள்ளதானே இருக்கீங்க? அந்தச் சக்கரம் ரெண்டு பாதிக்கா. ரெண்டயும் சேத்துப் புடிக்கிற நட்டுக்கு பட்டாளத்துலயே செவப்பு அடிச்சு வச்சிருப்பானாம். ‘செவப்ப உட்டுட்டு மத்தத கழட்டுங்க பாய்’னுதான் இவரு சொல்லிக்குடுத்தாரு. தெனம் கொல்லையில பொழங்கற ஆளு நீங்க. ஒருநாளாவது அந்தச் செவப்பப் பாத்ததில்லயாக்கா?”

நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றேன். பதில் சொல்லவில்லை. சொல்லாமல் இருக்க எனக்கு இத்தா இருந்தது.

டயர் கடையைத் திறந்தால் யாரும் வருவதில்லையாம். பஸ் ஸ்டாண்டில் சின்னப்பிள்ளைகள்கூட, “என்னா மாமா, செவப்பு நட்டு இருக்கா?” என்று கேட்கிறார்களாம். அனீஸா வந்து சொன்னாள்.

அன்சார், கேஸ் வேண்டாம் என்று சின்னத்தாவுக்கு எழுதேன். முருகையன்தான் அத்தாவைத் தூக்கிக்கொண்டு ஓடினவர். எனக்கு அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை.

அம்மா

*

தம்மாம்
26.8.1997

அம்மாவுக்கு,

யார் அழுதாலும் இரங்குகிறீர்கள். அவர்கள் அழுவது பயத்தில், நாம் அழுவது அதனாலா? கேஸ் நடக்கும். முருகையனுக்கும் நேராக ஒரு கடிதம் போட்டேன். கொலைகாரன் என்று எழுதினேன். பெயருக்கு முன்னால் வேறு மரியாதை போடவில்லை.

அந்த லாரி நம் வீட்டில் நிற்கக்கூடாது. கும்பகோணத்தில் பழைய இரும்பு எடுக்கும் ஜெக்கரியா பாயிடம் ஆள் மூலம் சொல்லிவிட்டேன். போலீஸ் பார்த்து எழுதிக்கொண்டு போனதோடு சரி, தடை ஒன்றும் இல்லையாம். உங்களுக்கு அக்டோபர் 19, ஞாயிற்றுக்கிழமை இத்தா முடிகிறது. மறுநாள் காலையில் வந்து வெட்டி எடுத்துப்போகட்டும். அதைப் பார்த்துக்கொண்டு நீங்கள் சமைக்கவேண்டாம்.

அன்சார்

*

அய்யம்பேட்டை
13.9.1997

அன்சார், இதைப் பக்கத்தில் யாரும் இல்லாதபோது படி.

அது சிவப்பாகத்தான் இருந்தது. பச்சை அடித்தது நான்.

மே மாதக் கடைசியில் அத்தா ஏதோ பேரிங் தேடிக்கொண்டு கும்பகோணம் போயிருந்தார். வண்டித் தகரத்தைத் தேய்த்து, முதலில் செங்கல் நிறத்தில் ரெட் ஆக்சைடு அடித்து, அது காய்ந்த பிறகு மேலே பச்சை அடிப்பார். ஒன்றரை வருஷமாக அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். சக்கரத்துத் துருவை முதல் நாள்தான் சுரண்டி வைத்திருந்தார். சுரண்டின இடத்தில் வெளிச்சுற்று நட்டுகள் சிவப்பாகத் தெரிந்தன. அடிப்பூச்சு முடித்துவிட்டார், பச்சைதான் பாக்கி என்று நினைத்தேன். எனக்குத் தெரிந்த சிவப்பு அது ஒன்றுதான்.

வந்து பார்த்தால் சந்தோஷப்படுவார் என்று தோன்றியது. முந்தானையைச் செருகிக்கொண்டு நாலு சக்கரத்துக்கும் அடித்தேன். ஒரு நட்டை விடவில்லை. பிரஷ் போகாத இடத்தில் துணியைச் சுற்றி விரலால் அடித்தேன்.

அத்தா பொழுது சாய்ந்து மக்ரிப் நேரத்துக்கு வந்தார். பார்த்துவிட்டு, “என்னா ஹபீபு, பட்டாளத்துல சேந்துட்டியா?” என்று கேட்டு எனக்கு சல்யூட் அடித்தார். அனீஸா விழுந்து விழுந்து சிரித்தாள். இருபத்தாறு வருஷத்தில் பத்தொன்பது வருஷம் தபாலில் நடத்தின குடித்தனம் எங்களுடையது. எதிரில் நிற்கவைத்து அவர் என்னை மெச்சினது இரண்டு தடவையோ மூன்று தடவையோதான். அதில் ஒன்று அது. அவர் நட்டைக் கவனிக்கவில்லையா, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டு மறந்தாரா, என் மனசு நோகும் என்று சொல்லாமல் இருந்தாரா, எனக்குத் தெரியாது. இனிமேல் தெரியவும் வராது.

முருகையன் சொல்லிக்கொடுத்தது எதுவும் அப்போது என் காதில் விழுந்ததில்லை. வேம்பு கதவுக்கு வெளியே நின்று சொன்னபோதுதான் நான் அடித்த பெயிண்ட் நினைவுக்கு வந்தது. மறுநாள் சுபுஹு தொழுதுவிட்டுக் கொல்லைக்குப் போனேன். அரிவாள்மணை நுனியால் ஒரு நட்டைச் சுரண்டினேன். பச்சைக்குக் கீழே சிவப்பு இருந்தது. சிவப்பை விட்டுவிட்டு மற்றதைக் கழற்றலாம் என்றுதானே அத்தாவுக்குச் சொல்லியிருந்தார்கள். அவர் பார்த்திருப்பார். எங்கேயும் சிவப்பு இல்லை. எல்லாம் கழற்றக்கூடிய நட்டுதான் என்று உட்கார்ந்திருப்பார்.

இது தெரிந்த பிறகும் உனக்குப் போன கடிதம் எழுதினேன். அதில் சொல்லவில்லை. ஒரு மாதம் ஆகிவிட்டது. ஒரு மனுஷனைப் பொய்யன் என்று ஊர் சொல்வதை உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

என்ன செய்யட்டும் என்று உன்னைக் கேட்கவில்லை. உனக்குத் தெரியாமல் செய்யக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

அம்மா

*

தம்மாம்
1.10.1997

அம்மா,

எட்டுப் பேர் இருக்கிற ரூம் இது. படித்துவிட்டு பாத்ரூமில் போய் உட்கார்ந்துகொண்டேன். வெளியே கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள். கடிதத்தைக் கிழித்துத் தண்ணீரில் விட்டுவிட்டேன்.

நான் உங்களைக் குற்றம் சொல்லவில்லை. தெரியாமல் செய்தது. அல்லாஹ்வுக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். நாலாவதாக ஒரு ஆளுக்குத் தெரியவேண்டாம். சொன்னால் ஊர் எப்படிப் பேசும் என்று உங்களுக்குத் தெரியாதா? காதர் மைதீன் தலையெழுத்தை அவன் பெண்டாட்டியே பெயிண்ட் அடித்து அழித்தாள் என்பார்கள். நூறு வருஷம் ஆனாலும் சொல்வார்கள். அனீஸாவுக்குப் பாபநாசத்தில் பேசிக்கொண்டிருக்கிறோம். அந்த வீட்டில் இதைக் கேட்டால் பெண் எடுப்பார்களா?

முருகையனுக்குப் பெரிய தண்டனை வராது என்று வக்கீல் சொல்கிறாராம். கொஞ்ச நாளில் மறந்துவிடுவார்கள். அவன் வேறு ஊருக்குப் போய்க் கடை வைத்தால் முடிந்தது. நமக்குப் போக வேறு ஊர் இல்லை.

ஜெக்கரியா பாய் 20ஆம் தேதி வருவார். வெட்டி எடுத்துப்போகட்டும். அந்த இரும்பு உருகிப்போனால் காட்டவும் ஒன்றும் இருக்காது, சொல்லவும் ஒன்றும் இருக்காது.

என் பேச்சை மீறிச் சொன்னீர்கள் என்றால், அதை எனக்கு எழுதாதீர்கள். என்னால் படிக்க முடியாது.

அன்சார்

*

அய்யம்பேட்டை
27.10.1997

அன்சாருக்கு அம்மா.

எழுதவேண்டாம் என்றாய். எழுதுகிறேன். பிரிக்காமல் வைத்திருந்தாலும் சரி.

பிறகு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். பாபநாசத்துக்காரர்கள் வேறு இடம் பார்க்கிறோம் என்று சொல்லியனுப்பிவிட்டார்கள். சின்னத்தா இங்கே வருவதில்லை. அனீஸா என்னோடு பேசுகிறாள், ஆனால் சாப்பிடும்போது எழுந்துபோய்விடுகிறாள். கேஸ் உடனே முடியாதாம். என் பெயரையும் சேர்ப்பார்களா என்று கேட்டேன், மேலே கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள். அவ்வளவுதான் பிறகு நடந்தது. இனி அன்றைக்கு நடந்தது.

ஞாயிற்றுக்கிழமை இத்தா முடிந்து குளித்தேன். சொந்தக்காரர்கள் வந்து துஆ ஓதிவிட்டுப் போனார்கள். திங்கட்கிழமை எட்டு மணிக்கெல்லாம் ஜெக்கரியா பாய் மூன்று ஆளோடும் இரும்பு வெட்டுகிற கேஸ் சிலிண்டரோடும் வந்துவிட்டார்.

“வெட்டவேணாங்க பாய், திரும்பிப் போங்க” என்றேன்.

“என்னங்கம்மா இது, சிலிண்டர எறக்கி வச்சாச்சு. ஒங்க மகன் சொல்லித்தானே வந்தேன்?”

“மகன் தம்மாம்ல இருக்கான். வண்டி இங்க இருக்கு. ஏத்துங்க சிலிண்டர.”

“இத வச்சு என்ன பண்ணப்போறீங்க? ஓட்டவா போறீங்க?” என்று சிரித்தார். உடன் வந்தவர்களும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டேதான் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

நாலு மாதத்துக்குப் பிறகு தெருவில் இறங்கினேன். மழை பெய்து சேறு. அனீஸா கூட வந்தாள். வாய்க்கால் பாலத்தைத் தாண்டி முருகையன் வீட்டுக்குப் போனோம். நடவுக்கு நாற்று முடி தூக்கும் வேலைக்குப் போகிறாராம். அன்றைக்கு மழையில் வேலை இல்லை. இடுப்புத் துண்டோடு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து சுவரோரமாகப் போய் நின்றார். அடிக்க ஆள் கூட்டிவந்திருக்கிறேனா என்று எனக்குப் பின்னால் பார்த்தார்.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பாதியில் அனீஸா என் கையை விட்டுவிட்டாள். அவளுக்கும் அப்போதுதான் தெரியும். அன்றைக்குச் சிரித்தவள் அவள்.

முருகையன் சுவரோரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அப்புறம், “காத்து அடிச்சப்ப நானும் பாக்கலக்கா. வால்வத்தான் பாத்தேன். பாத்திருந்தா அப்பவே கேட்டிருப்பேன்” என்றார். என்னைத் திட்டுவார் என்று போனேன். அவர் தன் கணக்கில் கொஞ்சம் எடுத்துக்கொண்டார்.

வேம்பு எடுத்துக்கொள்ளவில்லை. “கதவுக்கு அந்தாண்ட நின்னீங்கள்ல அன்னிக்கி? வளையல் சத்தம் இல்லாட்டியும் மூச்சு கேட்டுச்சு எனக்கு” என்றது.

“நின்னேன் வேம்பு.”

“நாலு மாசம் பத்து நாள் நீங்க உள்ள இருந்தீங்க. நாங்களும் உள்ளதான் இருந்தோம். ஒங்களுக்கு என்னிக்கு முடியும்னு தேதி தெரியும்.”

நீ போட்ட கடிதத்தை அது அரிசிப் பானைக்கு அடியில் வைத்திருந்தது. எடுத்துக் காட்டியது. நல்ல கையெழுத்து உனக்கு. அத்தா சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுவார்.

ஸ்டேஷனுக்கு வாங்க என்று முருகையனைக் கூப்பிட்டேன். “அங்க நான் வரமாட்டேன்க்கா” என்றார். நானும் அனீஸாவும் போனோம். இன்ஸ்பெக்டர் சின்ன வயசுக்காரர். உட்காரச் சொன்னார். கேட்டுவிட்டு, “யாராவது மெரட்டினாங்களாம்மா? பயப்படாம சொல்லுங்க” என்றார். கொலை செய்துவிட்டேன் என்று சொன்னால்கூட நம்பியிருப்பார் போலிருக்கிறது. பெயிண்ட் அடித்தேன் என்றால் நம்பவில்லை. வந்து பாருங்கள் என்றேன்.

வந்தார். அத்தா வைத்துவிட்டுப் போன தின்னர் டப்பாவில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. துணியை நனைத்து முதல் நட்டை நானே துடைத்தேன். கை வழுக்கியது. பிறகு அவரே துணியை வாங்கித் துடைத்தார். ஒன்று, இரண்டு, மூன்று. சுற்றுச்சுவர் முழுக்க ஜனம். நாலாவது சிவப்பு தெரிந்ததும், முருகையன் இத்தனை நாளாக இதைத்தான் சொன்னார் என்று நான் அவர்களைப் பார்த்துச் சொன்னேன். என் குரல் ஆண்களுக்குக் கேட்கும்படி அவ்வளவு சத்தமாக நான் பேசினதே இல்லை.

மறுபடியும் ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக்கொண்டார்கள். ஏட்டு எழுதினதை எனக்குப் படித்துக் காட்டினார். ‘மேற்படி நட்டுகளின் மீது பச்சை வர்ணம் பூசியது நான்தான்’ என்று வந்தது. சரியா என்றார். சரி என்றேன். கைநாட்டு வைக்க மையை நகர்த்தினார். எனக்கு எழுத வரும் என்றேன்.

“அப்ப பேரு போடுங்க. கீழ புருசன் பேரு.”

ஹபீபுன்னிசா என்று போட்டேன். க/பெ காதர் மைதீன் என்று போட்டேன். இருபத்தாறு வருஷமாக ரேஷன் கார்டுக்கும் ஓட்டுக்கும் உன் ஸ்கூலுக்கும் அப்படித்தான் போட்டுப் பழக்கம்.

ஏட்டு பார்த்துவிட்டு, “லேட்டு போடணும்மா, முன்னாடி” என்றார்.

இடம் இல்லை. நெருக்கி, சின்னதாக எழுதினேன்.

அம்மா